மாலை போட்ட படத்தில் நான்

ஆரணி பஜாரில், ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தின் நடுவில், கையில் ஜவுளிக்கடைப் பையோடு நின்றிருந்த ஒரு பிற்பகலில், நான் செத்துப்போய்விட்டேன் என்று மனதார நம்பினேன். ‘லேசாகச் சந்தேகம் வந்தது’ என்று எழுதிச் சமாளிக்கலாம்தான். ஆனால் அது சந்தேகம் இல்லை, முழு நம்பிக்கை. ஐம்பதைத் தாண்டியவன், செய்யார் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி ஸ்டோர்ஸில் நட்டு போல்ட்டுகளுக்கெல்லாம் பொறுப்பானவன், மகளுக்குக் கல்யாணம் நிச்சயம் செய்தவன், பேன்ட் பாக்கெட்டுக்குள் கையை விட்டுத் தன் தொடையைத் தானே கிள்ளிப் பார்த்துக்கொண்டான். வலித்தது. செத்தவனுக்கு வலிக்காது என்று யார் திரும்பி வந்து சொன்னார்கள் என்று அடுத்த நொடியே தோன்றியது. மறுபடியும் கிள்ளினேன். அந்த இடம் கன்றிப்போய் அப்புறம் என் மனைவியிடம் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

எப்படி இந்த நிலைக்கு வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

ஆவணியில் மகள் கல்யாணம். முகூர்த்தப் புடவை மாமன் வீட்டுத் தறியில் ஓடிக்கொண்டிருந்தது, அதைப் பற்றிக் கவலை இல்லை. சொந்தக்காரர்களுக்கு வைத்துக் கொடுக்கிற துணிமணிகளைக் கடையில்தான் எடுக்க வேண்டும். ஆடியில் கல்யாணத் துணி எடுக்கலாமா என்று எங்கள் வீட்டில் ஒரு வாரம் பேச்சு நடந்தது. கடைசியில் என் மனைவி ஒரு தீர்ப்பு சொன்னாள். பொண்ணு மாப்பிள்ளைக்கு ஆவணியில், ஊராருக்கு ஆடியில். செத்தவர்களுக்கும் ஆடியில் எடுக்கலாம், அவர்களுக்கு மாதக் கணக்கு கிடையாது.

செத்தவர்களுக்கும் துணி உண்டு. எங்கள் பக்கத்தில் கல்யாணம் காட்சி என்றால், தீபாவளி என்றாலும்தான், வீட்டில் இறந்துபோனவர்களுக்குப் புதுத்துணி வைத்துப் படைப்போம். பலகை மேல் துணியை விரித்து, விளக்கேற்றி, அவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்து வைத்துக் கும்பிட்ட பிறகு, வீட்டில் இருக்கிற ஒருவர் அந்தத் துணியை எடுத்து உடுத்திக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் அந்த ஒருவர் நான்தான். அப்பாவுக்கு வேட்டியும் துண்டும், அதில் அளவுத் தொல்லை இல்லை. அண்ணனுக்கு வேட்டியும் சட்டையும்.

அண்ணன் இறந்தபோது அவனுக்கு இருபத்தோரு வயது, நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். ஊரில் பேர் வாங்கிய கபடி ஆட்டக்காரன். படவேட்டுப் பக்கம் ஒரு போட்டிக்குப் போனவன் காய்ச்சலோடு திரும்பி வந்து படுத்தான், எழுந்திருக்கவே இல்லை. அதற்குப் பிறகு அம்மா அவன் போட்டோக்களை மடியில் வைத்துக்கொண்டு சோறு தண்ணீர் இல்லாமல் உட்கார்ந்துவிட்டாள். ஒரு நாள் விடியற்காலையில் அப்பா அத்தனை போட்டோக்களையும் அள்ளிக்கொண்டு போய் வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டார். அம்மா அதைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. மெல்ல எழுந்து சாப்பிடத் தொடங்கினாள். அதனால் எங்கள் படையலில் அப்பாவுக்குப் படம் உண்டு. அண்ணனுக்குப் பலகை மேல் சட்டைதான், அதற்கு மேலே வெறும் சுவர்.

கடைக்குப் புறப்படும்போது அம்மா கூப்பிட்டாள். அவளுக்கு முழங்கால் சரியில்லை, கட்டிலில் இருந்தபடியேதான் அதிகாரம்.

“டேய், இந்த வாட்டியாச்சும் அவன் சைஸ்ல எடுத்துகினு வா. உன் தொப்பைக்கு எடுக்காத.”

“அண்ணனுக்கு மட்டும் உடம்பு போடாதாம்மா? மேல அவனுக்கு வேலையா வெட்டியா? அவனுக்கும் தொப்பை உழுந்திருக்கும்.”

வழக்கமாக இதற்குக் கையில் கிடைத்ததை எடுத்து என் மேல் எறிவாள். அன்றைக்கு எறியவில்லை.

“உன் சட்டைய விரிச்சு வெச்சா உன் மூஞ்சிதான்டா வருது. கண்ண மூடுனா முன்னெல்லாம் அவன் வந்துகினு இருந்தான். இப்ப கழுத்து வரைக்கும்தான் வரான். சாவறதுக்குள்ள ஒரு தபா அவன் மூஞ்சிய முழுசா பாத்துட்டா போதும்.”

எனக்கும் அவன் கழுத்து வரைக்கும்தான் வருவான். புழுதி படிந்த முழங்கால், காலில் தேய்த்த எண்ணெயின் வாசனை, என் மண்டையில் குட்டுகிற கை, அவ்வளவுதான். அதை நான் அம்மாவிடம் சொன்னதில்லை. அன்றைக்கும் சொல்லாமல், “சரி சரி, ஆட்டோ வந்துருச்சு” என்று நழுவிவிட்டேன்.

கடையில் மனைவியும் மகளும் புடவைப் பகுதியில் உட்கார்ந்ததும் நான் வேண்டாதவன் ஆனேன். “ஏங்க, இங்க நின்னுகினு இன்னா பண்ணப் போறீங்க? போயி படையல் துணிய எடுங்க” என்று என்னை மாடிக்கு அனுப்பினாள் மனைவி. ஆண்கள் பகுதியில் வரிசையாக பொம்மைகள் நின்றன. ஜவுளிக்கடை பொம்மைகளுக்கு இப்போதெல்லாம் தலை வைப்பதில்லை. கழுத்தோடு நின்றுவிடுகின்றன. காலையில் அம்மா சொன்னதைக் கேட்டுவிட்டு வந்தவனுக்கு அந்த வரிசையைத் தாண்டிப் போவது அவ்வளவு சுகமாக இல்லை.

“சைஸ் சொல்லுங்க சார்” என்றார் விற்பனையாளர்.

“நாப்பத்தி நாலு.”

“உங்களுக்குங்களா?”

“அண்ணனுக்கு.”

“அண்ணனும் உங்க உடம்புதானுங்களா? வயசானவருன்னா இந்தக் கலர் பாருங்க, அடக்கமா இருக்கும்.”

“அவனுக்கு இருபத்தோரு வயசுங்க.”

அவர் என் நரைத்த மீசையைப் பார்த்தார். “உங்க அண்ணனுக்கா?”

“ஆமா.”

அவர் நாற்பத்து நான்கை மடித்து, பையில் போட்டு, ரொம்ப மரியாதையாக என் கையில் கொடுத்தார். இந்த விளையாட்டை நான் ஒவ்வொரு தீபாவளிக்கும் விளையாடுவேன். முதலில் முப்பத்தெட்டில் தொடங்கினோம். என் உடம்பு பெருக்கப் பெருக்க, செத்துப்போன அண்ணனுக்கும் நாற்பது, நாற்பத்திரண்டு என்று வளர்ந்துகொண்டே வந்தது.

கீழே வந்து பார்த்தால் புடவைப் பகுதியில் அப்போதுதான் இரண்டாவது அலமாரியைத் திறந்திருந்தார்கள். எனக்கு உட்கார இடம் வேண்டும். கடையை ஒட்டி ஒரு கல்யாண மண்டபம். ஆடியில் மண்டபத்துக்கு வேலை இல்லை, அதனால் வாசலில் ஒரு துணிப் பேனர் தொங்கியது. நம்ம ஊர் விளையாட்டு வீரர்களின் உருவப்படக் கண்காட்சி, அனுமதி இலவசம். உள்ளே மின்விசிறியும் காலி நாற்காலிகளும் தெரிந்தன. எனக்கு விளையாட்டின் மேல் இருந்த ஆர்வம் அந்த நாற்காலிகளோடு சரி.

உள்ளே யாருமே இல்லை. மண்டபத்தில் பழைய கல்யாணங்களின் வாசனை அப்படியே தங்கியிருந்தது, சந்தனம், சாம்பார், வாடிய பூ. சுவர் நெடுக ஆள் உயரத்தில் முகங்கள். பூப்பந்து, கைப்பந்து, சிலம்பம், ஓட்டம், கபடி. எல்லாம் பழைய போட்டோக்களில் இருந்து எடுத்தவை. யாரோ கம்ப்யூட்டரில் போட்டு வண்ணம் ஏற்றி, புள்ளியெல்லாம் துடைத்து, கண்ணுக்கு ஒளி கொடுத்திருந்தார்கள். அந்தக் காலத்து வீரர்கள் நேற்று குளித்துவிட்டு வந்தவர்கள் மாதிரி பார்த்தார்கள். அந்தப் பார்வைதான் முதலில் எனக்கு ஆகவில்லை. நான் நகர்ந்தால் அதுவும் நகர்ந்தது. பக்கத்துச் சந்தில் விசைத்தறிகள் ஓடும் சத்தம் சுவர் வழியாக வந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு ஏற்ற மாதிரி படங்கள் லேசாக அதிர்ந்தன.

சில படங்களுக்கு மாலை போட்டிருந்தார்கள், சிலவற்றுக்கு இல்லை. பூ மாலை இல்லை, தறியில் மிச்சமாகிற பட்டு நூலைக் கட்டிச் செய்த மாலை, நடுவில் ஜரிகை மின்னியது. எங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. படத்துக்கு மாலை என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். இருந்தாலும் ஸ்டோர்ஸில் வேலை செய்கிறவன், சரிபார்க்காமல் விட மாட்டேன். எங்கள் உடற்பயிற்சி வாத்தியாருக்கு மாலை இருந்தது, அவர் காரியத்தில் நானே சாப்பிட்டிருக்கிறேன். ஓட்டப் பந்தயத்தில் பேர் வாங்கிய இட்லிக்கடைக்காரப் பெண்மணிக்கு மாலை இல்லை, அன்றைக்குக் காலையில்தான் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அவர் கடையில் இட்லி சாப்பிட்டேன். விதி சரியாக இருந்தது. மாலை போட்டிருந்தால் ஆள் இல்லை. மாலை இல்லையென்றால் இட்லி கிடைக்கும்.

கடைசிச் சுவருக்குப் போனேன். அங்கே நான் இருந்தேன்.

மெரூன் கலர் பனியன், நெஞ்சில் ஏழாம் எண். ஒடுங்கிய கன்னம், விடைத்த காது, நெற்றியில் மேல் நோக்கி நிற்கிற முடி. என் காதை எனக்குத் தெரியாதா? பள்ளிக்கூடத்தில் அந்தக் காதுக்காக நான் வாங்காத பட்டம் இல்லை. பனியனையும் தெரியும். இளவயதில் ஒரே ஒரு போட்டியில் ஆள் குறைகிறது என்று என்னை இழுத்து அதே பனியனை மாட்டி இறக்கினார்கள். முதல் ரைடிலேயே எதிரணி என்னை மடக்கி, என் மேல் உட்கார்ந்து, எழுந்திருக்கவே மறந்துவிட்டது. அன்றைக்கு யாரோ போட்டோ எடுத்த ஞாபகமும் இருந்தது. அந்தப் படம்தான் இது என்று நினைத்தேன். ‘பரவாயில்லையே, ஒரு ரைடுக்கு ஆள் உயரப் படமா’ என்று சிரிப்புகூட வந்தது.

அப்புறம்தான் மாலையைப் பார்த்தேன். கனமான மாலை, மற்றவர்களுடையதைவிடக் கனம். அதன் வால் கீழே தொங்கி, பேர் எழுதிய பட்டையை மூடியிருந்தது. நெற்றியில் சந்தனம், குங்குமம். கீழே முக்காலியில் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. யார் ஏற்றினார்களோ, புதுத் திரி.

மின்விசிறிக் காற்றில் மாலை அசைந்தது. படத்தில் இருந்தவன் என்னையே பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. நீண்ட நேரமாகக் காத்திருந்தவன் பார்க்கிற பார்வை. மாலையைத் தள்ளிப் பேரைப் படித்திருந்தால் விஷயம் முடிந்திருக்கும். என் கை போகவில்லை. அந்தப் பட்டையில் என் பேர் இருந்தால் அதற்குப் பிறகு நான் என்ன செய்வது?

அப்போது பின்னாலிருந்து என் தோளில் ஒரு கை விழுந்தது.

“வந்துட்டியா? உன்னத்தான் எதிர்பாத்துகினு இருந்தேன்.”

திரும்பினேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பெரிய வெள்ளை மீசை. எருமை ஒன்றுதான் இல்லை. அதையும் வாசலில் கட்டிவிட்டு வந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். “தோ வரேங்க, ஊட்ல சொல்லிட்டு வரேன்” என்று என் வாய் சொன்னது. இது ஏதோ சினிமாவுக்குக் கூப்பிட்ட மாதிரி. நாற்பத்து நான்கு சட்டைப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே ஓடினேன்.

அங்கேதான் தொடையைக் கிள்ளியது.

கடை வாசலில் ஆள் வந்தால் தானாகத் திறக்கிற கண்ணாடிக் கதவு. போய் நின்றேன். திறக்கவில்லை. ஒரு அடி பின்னால் வந்து மறுபடியும் போனேன். திறக்கவில்லை. என்னைத் தாண்டி ஒரு குடும்பம் வந்தது, அவர்களுக்குத் திறந்தது, அவர்களோடு ஒட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தேன். ஆவிகள் இப்படித்தான் வீடுகளுக்குள் நுழைகின்றனவோ என்று அப்போது தோன்றியது. அந்தக் கதவு காலையிலிருந்தே பழுது, விட்டுவிட்டுத்தான் திறக்கிறது என்று பின்னால் கேள்விப்பட்டேன். ஆனால் அந்த நேரத்தில் கேள்விப்படவில்லையே.

நேராக மனைவியிடம் போனேன்.

“ஏய், நான் தெரியறேனா?”

அவள் ஒரு புடவையைத் தோளில் போட்டுக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. மறுபடியும் கேட்டேன். மகளிடம், “இந்த பார்டர் ரொம்ப அடிக்குதுல்ல?” என்றாள். இதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று ஓரமாக நின்ற என் புத்தி சொன்னது, கல்யாணமான நாளிலிருந்து புடவைக் கடையில் அவளுக்கு நான் தெரிந்ததில்லை. ஆனால் பயத்துக்குப் புத்தியோடு பேச்சுவார்த்தை கிடையாது.

சரி, கடைசிச் சோதனை என்று மாடிக்கு ஏறினேன். துணி போட்டுப் பார்க்கிற இடத்தில் மூன்று பக்கமும் கண்ணாடி. ஆவிக்குக் கண்ணாடியில் உருவம் தெரியாது. தலையில்லாத பொம்மைகளைத் தாண்டிப் போய்க் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றேன். திறந்தேன்.

தெரிந்தேன். நேர்க் கண்ணாடியில் தொப்பையும் வழுக்கையும் வியர்வையுமாக, பை பிடித்துக்கொண்டு, யாராலும் மறுக்க முடியாதபடி தெரிந்தேன். சிரித்துவிட்டேன். சிரித்தபடியே பக்கத்துக் கண்ணாடிக்குத் திரும்பினேன். அதில் என் பக்கவாட்டு முகம். நாம் நம்மை ஒருபோதும் பார்க்காத கோணம் அது. விடைத்த காது, தாடை, மூக்கின் வளைவு. அது நான் இல்லை. எனக்குப் பக்கத்தில், என் சட்டையைப் போட்டுக்கொண்டு, இன்னொருவன் நின்று வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தான். முகம் உப்பிப் போய், கிழடு தட்டி, ஆனால் மண்டபத்தில் பார்த்த அதே ஆள்.

அதற்கு மேல் என்னால் வேடிக்கை பண்ண முடியவில்லை. கீழே பெஞ்சில் உட்கார்ந்து அம்மாவுக்கு போன் போட்டேன்.

“அம்மா, நான் உயிரோட இருக்கேனா?”

“பட்டப்பகல்ல குடிச்சிட்டியாடா?”

“இல்லம்மா. இங்க மண்டபத்துல என் படத்துக்கு மாலை போட்டு வெளக்கு ஏத்தி வெச்சிருக்காங்க.”

“எவன்டா அவன்? கைய ஒடிக்கிறேன்!” முழங்காலை மறந்து அவள் எழுந்துவிட்ட சத்தம் கேட்டது. “இன்னா படம்?”

“கபடி ஆடுன படம். மெரூன் பனியன். காது, முடி எல்லாம் நான்தான். கையில தாயத்து.”

சொல்லும்போதே அந்தத் தாயத்து என் கண் முன்னால் வந்தது. இடது கையின் மேல் பகுதியில், கறுப்புக் கயிற்றில், சின்ன வெள்ளிக் குழல்.

லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். போகவில்லை, மூச்சு கேட்டது.

“எந்தக் கை?”

“இடது கை.”

“உனக்கு நான் தாயத்து கட்டலியேடா” என்றாள். “நீ சின்னதுல வீல்வீல்னு கத்தி அவுத்துப் போட்டுட்ட. அவனுக்குத்தான் கட்டினேன். ரேணுகாம்பா கோயில்ல கட்டுனது. கடைசி வரைக்கும் அவன் கையிலதான் இருந்துச்சு.”

கடையில் இருந்த கூட்டம், மைக்கில் தள்ளுபடி சொல்லிக்கொண்டிருந்த குரல், எல்லாம் தூரமாகப் போய்விட்டன.

“அங்கயே நில்லுடா” என்றாள் அம்மா. “நான் வரேன்.”

மண்டபத்துக்குத் திரும்பிப் போனேன். வெள்ளை மீசைக்காரர் விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அவர் எமன் இல்லை. அண்ணன் ஆடிய அணியின் கேப்டன். வயதாகி, மீசை வைத்ததில் எனக்கு அடையாளம் தெரியவில்லை, அவ்வளவுதான்.

“இன்னாபா, ஊட்ல சொல்லிட்டு வந்துட்டியா?” என்றார், சிரிக்காமல்.

“இது யாரு படங்க?”

அவர் மாலையின் வாலை ஒரு விரலால் தள்ளினார். பட்டையில் அண்ணன் பேர்.

“எல்லாத்தையும் எங்கப்பா அடுப்புல போட்டுட்டாரே.”

“ஒண்ணத் தவிர. அன்னிக்கு விடிகாலைல நேரா என் ஊட்டாண்ட வந்தாரு உங்க நைனா. துண்டுல சுத்தி எடுத்துகினு வந்தாரு. ‘இது ஊட்ல இருந்தா அவ சாப்பிட மாட்டா. இதையும் கொளுத்திட்டா நான் சாப்பிட மாட்டேன். நீ வெச்சிக்க, யார்கிட்டயும் சொல்லாத’ன்னாரு. நானும் சொல்லல. அப்புறம் சாவற வரைக்கும் வந்து பாத்துட்டுப் போவாரு. ஒக்காந்து பாப்பாரு, டீ குடிப்பாரு, போயிடுவாரு.”

அப்பா சாயங்காலத்தில் ‘கடைத்தெரு வரைக்கும்’ என்று கிளம்புவார். வெறுங்கையோடு திரும்புவார். கடைத்தெருவுக்குப் போய் எதுவுமே வாங்காமல் வருகிற ஒரே ஆள் இவர்தான் என்று நான் அவரைக் கிண்டல் செய்ததுண்டு. அவரும் சேர்ந்து சிரிப்பார்.

“அவரு போனப்புறம் யாராண்ட சொல்றதுன்னே தெரியல” என்றார் கேப்டன். “உங்கம்மாகிட்ட நேரா வந்து சொல்ல தைரியம் வரல. அதான் மாட்டி வெச்சேன். பெருசா ஒரு மாலையும் போட்டேன். ஊட்டு ஆளுங்க யாராச்சும் பாத்துட்டு வருவீங்கன்னு வாசலையே பாத்துகினு இருந்தேன். நீ வந்த. பாத்த. ஓடிட்ட.”

“நான் செத்துட்டேன்னு நெனச்சிட்டேங்க.”

“அது சரி. உங்கண்ணனும் ஆட்டத்துல இப்பிடித்தான் காமெடி பண்ணுவான். ஆனா ஓட மாட்டான்.”

ஆட்டோவில் அம்மா வந்து இறங்கினாள். ஒரு பக்கம் நானும் ஒரு பக்கம் கேப்டனும் பிடித்துக்கொண்டு உள்ளே கூட்டிப் போனோம். வழியில் இருந்த எந்தப் படத்தையும் அவள் பார்க்கவில்லை. கடைசிச் சுவருக்கு வந்ததும் எங்கள் கைகளை விடுவித்துக்கொண்டாள்.

அழுவாள் என்று பயந்தேன். கேப்டனும் பயந்தார், நாற்காலியைத் தயாராக இழுத்து வைத்தார். அம்மா அழவில்லை. கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு, கிட்டப் போய், கீழிருந்து மேலாகப் பார்த்தாள். கழுத்து வரை வந்து ஒரு நொடி நின்றாள். அப்புறம் மேலே போனாள்.

“உதட்டக் கெடுத்துட்டானுங்க” என்றாள். “கம்ப்யூட்டர் பண்ண வேலையா? அவனுக்கு உதடு இவ்ளோ செவப்பு கெடையாது. கண்ணு சரியா கீது. காது சரியா கீது.” அப்புறம் “வாடா” என்றாள். என்னை இல்லை.

கேப்டன் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன போட்டோவை எடுத்தார். ஓரமெல்லாம் பழுத்துப்போன கறுப்பு வெள்ளைப் போட்டோ, பெரிய படம் எதிலிருந்து வந்ததோ அது. அதில் உதடு சரியாக இருந்தது. அம்மா அதை வாங்கி ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். அப்பா அடுப்பில் போடாதது பற்றி, இத்தனை காலம் மறைத்தது பற்றி, அவளும் எதுவும் கேட்கவில்லை, நாங்களும் எதுவும் சொல்லவில்லை. “சாயங்காலம் அவரு உன் ஊட்டுக்குத்தான் வந்துகினு இருந்தாரா?” என்று மட்டும் கேப்டனிடம் கேட்டாள். அவர் தலையசைத்தார்.

அப்போது என் மனைவி எங்களைத் தேடிக்கொண்டு மண்டபத்துக்குள் வந்தாள். “இங்க இன்னா பண்ணிகினு இருக்கீங்க, ஜல்தி வாங்க, பில் போடணும்” என்று தொடங்கியவள், அத்தை நிற்பதையும் படத்தையும் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்தினாள். என் அண்ணனை அவள் பார்த்ததே இல்லை. படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் படத்தைப் பார்த்தாள். “இது நீங்களா?” என்றாள். அந்தக் கேள்வி எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. ஏமாந்தவன் நான் ஒருவன் மட்டும் இல்லை.

“சட்டை எடுத்தியா?” என்றாள் அம்மா.

பையை நீட்டினேன். அவள் சட்டையை உதறி விரித்து, கடையில் பிள்ளைகளுக்கு அளவு பார்ப்பது போல, இரண்டு தோளையும் பிடித்துப் படத்தின் மேல் வைத்துப் பார்த்தாள். சட்டை அண்ணனை மூடி, மாலையை மூடி, படத்தின் சட்டத்தைத் தாண்டிச் சுவர் வரைக்கும் போனது.

“இதுக்குள்ள உன் அண்ணன், நீ, உங்கப்பன், மூணு பேரும் பூந்துக்கலாம்” என்றாள். கேப்டன் சிரித்துவிட்டார். அம்மாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே சட்டையை மடித்து என்னிடம் நீட்டினாள். “போயி மாத்திகினு வா.”

மாடியில் அதே விற்பனையாளர். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் பின்வாங்கினார்.

“சைஸ் தப்பாயிடுச்சுங்க. சின்னதா வேணும்.”

“எவ்ளோ சார்?”

“இருபத்தோரு வயசுப் பையன். ஒல்லி. கபடி ஆடறவன்.”

அவர் முப்பத்தாறை எடுத்துப் போட்டார். இந்த முறை அவருக்கும் சந்தேகம் வரவில்லை.

கண்காட்சியில் நான் பார்த்தது என் படம் இல்லை, அண்ணன் படம். நாற்பத்து நான்கைக் கொடுத்துவிட்டு முப்பத்தாறு வாங்கி வந்தேன். கல்யாணத்துக்கு முன்னால் பலகை மேல் அதை விரித்து, அதற்கு மேல் அந்தச் சின்ன போட்டோவை வைத்துப் படைத்தோம். படைத்த பிறகு அந்தச் சட்டை எங்கள் வீட்டில் யாருக்கும் பற்றவில்லை.